குப்பைப் பிரிவில் இடம் கிடைத்த பிள்ளைகளுக்கு

குரூப் 4 தேர்வு எழுதி, தரவரிசை வந்து, மாநகராட்சியில் இளநிலை உதவியாளர் என்ற ஆணையைக் கையில் வாங்கும்போது எல்லாப் பிள்ளைகளும் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள். உள்ளே போய், எந்தப் பிரிவு என்று தெரிந்த பிறகுதான் முகம் மாறுகிறது. வருவாய்ப் பிரிவு, நகரமைப்புப் பிரிவு என்றால் உடனே வீட்டுக்குப் போன் போகும். திடக்கழிவு மேலாண்மை என்றால் போகாது. மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் 'கார்ப்பரேஷன்ல வேலை' என்பதோடு பேச்சை முடித்துக்கொள்கிற பெற்றோரையும் பார்த்திருக்கிறேன். நான் அந்தப் பிரிவில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். எந்த மாநகராட்சி என்பது இங்கே முக்கியமில்லை. நான் சொல்லப்போவது தமிழ்நாட்டின் எந்த மாநகராட்சிக்கும் பொருந்தும்.

முகம் வாடியிருக்கும் பிள்ளைகளிடம் நான் சொல்ல விரும்புவது இதுதான். ஊரிலேயே கடினமான வேலையைக் குறைந்த கூலிக்குச் செய்கிற மனிதர்களின் பிறந்த தேதி, பெயர், சம்பளம், விடுப்பு, ஓய்வூதியம், அவர்கள் போன பிறகு பிள்ளைக்குக் கிடைக்கக்கூடிய வேலை எல்லாமே உங்கள் அலமாரியில் இருக்கும் பதிவேடுகளில்தான் இருக்கின்றன. அந்தப் பதிவேட்டைத் தானே படித்துச் சரிபார்க்க அவர்களில் பலரால் முடியாது. எழுத்தராகிய நீங்கள் ஒரு வரியைத் தப்பாக எழுதினால் அது தப்பாகவே முப்பது வருஷம் கிடக்கும். வேறு எந்தப் பிரிவிலும் எழுத்தரின் கைக்கு இவ்வளவு கனம் கிடையாது என்பது என் தீர்மானமான கருத்து.

முதலில் பெயர். வருகைப் பதிவேட்டில் 'முனியம்மா' என்று இருக்கும். பணிப்பதிவேட்டில் 'முனியம்மாள்'. வங்கிக் கணக்கில் அப்பா பெயரின் முதலெழுத்தோடு ஒரு முனியம்மா, ஆதாரில் கணவர் பெயரின் முதலெழுத்தோடு இன்னொரு முனியம்மா. ஆள் ஒருவர்தான். அவர் வேலை பார்க்கும் காலம் முழுக்க இதனால் ஒரு தொந்தரவும் வராது, சம்பளம் ஏறிக்கொண்டே இருக்கும். ஓய்வு பெறும் நாளில்தான் அந்த ஒருவர் காகிதத்தில் நான்கு பேராகிவிடுவார். நான்கு பேரும் ஒருவரே என்று சான்று வாங்கி வரச் சொல்வோம். வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஒரு நடை, வழக்கறிஞரிடம் உறுதிமொழிப் பத்திரத்துக்கு ஒரு நடை, வங்கிக்கு ஒரு நடை. ஆந்திரத்திலிருந்து சில தலைமுறைகளுக்கு முன்னால் வந்த குடும்பங்கள் இந்த வேலையில் நிறைய உண்டு. அவர்கள் வீட்டுப் பெயரை முன்னால் போடுவார்கள், நாம் அதை இனிஷியல் என்று நினைத்துச் சுருக்குவோம், அடுத்து வருகிற எழுத்தர் அதையும் விட்டுவிடுவார். 'வெங்கடம்மா', 'வெங்கட்டம்மா', 'வெங்கடம்மாள்' என்று ஒரே பதிவேட்டின் மூன்று பக்கங்களில் மூன்று விதமாக நானே பார்த்திருக்கிறேன்.

பிறந்த தேதி இதைவிடச் சிக்கல். பழைய பணியாளர்களில் பலர் பள்ளிக்கூடமே போகாதவர்கள். சேரும்போது மருத்துவர் பார்த்து வயதை மதிப்பிட்டு எழுதியிருப்பார். பின்னால் ஆதார் எடுக்கும்போது யாரோ கேட்ட கேள்விக்கு இவர் சொன்ன பதில் வேறொரு தேதியாகப் பதிவாகியிருக்கும். அரசுப் பணி விதிப்படி, பணியில் சேர்ந்த 5 ஆண்டுக்குள்தான் பிறந்த தேதியைத் திருத்தக் கேட்க முடியும். அந்த ஐந்தாண்டில் அவருக்கு இப்படி ஒரு விதி இருப்பதை யார் சொல்வது? நீங்கள்தான் சொல்ல வேண்டும். அது உங்கள் கடமைப் பட்டியலில் எழுதியிருக்காது.

ஆண்டுக்கு ஒருமுறை பணிப்பதிவேட்டைப் பணியாளரிடம் காட்டிக் கையொப்பம் பெற வேண்டும் என்பது பழைய நடைமுறை. பெரும்பாலான அலுவலகங்களில் அது சடங்காகத்தான் நடக்கிறது. கட்டாகக் கையொப்பம் வாங்கிக் கட்டாகவே கட்டி வைத்துவிடுவார்கள். நான் சேர்ந்த புதிதில் எங்களுக்கு ஒரு கண்காணிப்பாளர் அம்மா இருந்தார். கோடையில் பதிவேடுகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வார்டு அலுவலகத்துக்கே போய்விடுவார். வேலை முடிந்து வருகிற ஒவ்வொருவரையும் பெஞ்சில் உட்காரவைத்து, பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, நியமனதாரர் யார் என்று வாய்விட்டுப் படிப்பார். 'சரிதானாம்மா? வீட்டுக்காரர் போயிட்டாரே, இன்னும் அவர் பேரே நாமினியா இருக்கே, மாத்திடலாமா?' என்று கேட்பார். இறந்துபோன கணவரின் பெயர் நியமனதாரராக இருந்த பதிவேடுகள் அப்போதுதான் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அந்த வார்டுகளில் ஓய்வு பெற்றவர்களின் கோப்புகள் மற்ற வார்டுகளைவிட வேகமாக நகர்ந்ததைப் பிறகு நாங்கள் கண்ணால் கண்டோம். அந்த அம்மாவுக்கு அதற்காக யாரும் பாராட்டுக் கடிதம் கொடுக்கவில்லை. அவர் எதிர்பார்க்கவும் இல்லை.

பதிவேடு விஷயத்தில் பெரிய எடுத்துக்காட்டு சென்னை. 2011-இல் அந்த மாநகராட்சியின் எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. 155 வார்டுகள் 200 ஆயின, 10 மண்டலங்கள் 15 ஆயின. 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் என 42 உள்ளாட்சி அமைப்புகள் அதோடு சேர்ந்தன. செய்தித்தாளில் அது வரைபடமாக வந்தது. நகராட்சி ஒரு விதமாகவும் ஊராட்சி ஒரு விதமாகவும் எழுதிவந்த பணியாளர் விவரங்கள் ஓர் ஆபீஸுக்கு வந்து சேர்கிற நாளை ஓர் எழுத்தரின் நாற்காலியில் உட்கார்ந்து நினைத்துப் பாருங்கள். அன்றைக்குப் பொறுமையாக உட்கார்ந்து ஒவ்வொரு பெயரையும் ஒப்பிட்டுப் பார்க்கிற எழுத்தரால்தான் பத்து வருஷம் கழித்து ஓய்வு பெறுகிறவருக்குப் பணிக்கொடை நேரத்துக்குக் கிடைக்கும்.

இப்போது நிரந்தரப் பணியாளர்களைவிட ஒப்பந்தப் பணியாளர்களே பல நகரங்களில் அதிகம். அவர்களுக்குப் பணிப்பதிவேடே கிடையாது. ஒப்பந்ததாரர் மாதாமாதம் பட்டியலோடு வருவார். அதோடு பி.எஃப். செலுத்திய விவரமும் ஈ.எஸ்.ஐ. செலுத்திய விவரமும் இணைத்திருப்பார். கூட்டுத்தொகை சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு 'சரிபார்க்கப்பட்டது' என்று முத்திரை வைப்பது எளிது. அப்படி வைக்காதீர்கள். வருகைப் பதிவேட்டில் இருக்கிற பெயர்களும் பி.எஃப். பட்டியலில் இருக்கிற பெயர்களும் ஒன்றுதானா என்று ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள். தெருவில் பெருக்குகிற பெண்ணின் பெயர் பி.எஃப். பட்டியலில் இல்லாமல், யாரென்றே தெரியாத ஒருவர் பெயர் அதில் இருந்தால் பட்டியலைத் திருப்பி அனுப்புங்கள். 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் தொட்டே, ஒப்பந்ததாரர் கூலி கொடுக்கத் தவறினால் அதைக் கொடுக்க வேண்டிய பொறுப்பு வேலை வாங்குகிற நிறுவனத்தின் தலையில்தான் விழுகிறது. ஆகவே இது இரக்கத்துக்காகச் செய்கிற காரியம் மட்டுமல்ல, மாநகராட்சியின் பணத்தைக் காப்பதும்கூட.

வருகை என்றதும் விரல்ரேகைக் கருவி ஞாபகம் வருகிறது. வருஷக்கணக்கில் துடைப்பமும் கூடையும் பிடித்த கைகளில் ரேகை தேய்ந்துபோகும். கருவியில் வைத்தால் சிவப்பு விளக்குதான் எரியும். விடியற்காலையில் வந்து ஒரு தெரு முழுக்கப் பெருக்கி முடித்தவருக்கு அன்று 'ஆப்சென்ட்' விழும். பல இடங்களில் இப்போது முகத்தைப் பதிவு செய்கிறார்கள். அதுவும் விடிகாலை இருட்டில் தடுமாறுகிறது. இப்படித் தடுமாறும் நாட்களில் மேற்பார்வையாளரின் கடிதம் உங்கள் மேஜைக்கு வரும். சம்பளப் பட்டியல் மூடுவதற்கு முன்னால் அந்தக் கடிதத்தை எடுத்துத் திருத்திவிடுங்கள். அடுத்த மாதம் சேர்த்துக்கொள்ளலாம் என்று நமக்குத் தோன்றும். அந்த ஒரு நாள் கூலி இந்த மாதத்தின் அரிசிக் காசு.

அடுத்தது எடைமேடை. இதை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பிரிவின் பணம் பெரும்பாலும் டன் கணக்கில்தான் போகிறது. சென்னையில் மட்டும் நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேர்கிறது. லாரி உள்ளே வரும்போது ஏற்றிய எடை, கொட்டிவிட்டுத் திரும்பும்போது வெற்று எடை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் குப்பையின் எடை. சீட்டு அச்சாகி, கட்டுக்கட்டாக அலுவலகத்துக்கு வரும். எழுத்தர் அதைக் கூட்டிப் பட்டியலில் ஏற்றுவார். கூட்டல் இப்போது கணினியே போட்டுவிடுகிறது. அப்படியானால் நம்முடைய வேலை என்ன என்று கேட்பீர்கள்.

எங்கள் பிரிவில் ஓர் உதவியாளர் இருந்தார். கூட்டுத்தொகையை அவர் கடைசியில்தான் பார்ப்பார். முதலில் நேரத்தைப் பார்ப்பார். ஒரு வண்டியின் இரண்டு நடைகளுக்கு இடையே எவ்வளவு நேரம் என்று குறித்துக்கொண்டே வந்தவருக்கு, ஊரின் மறுகோடியிலிருந்து வர வேண்டிய வண்டி அரைமணி நேரத்துக்குள் இரண்டு முறை கொட்டியதாகச் சீட்டு இருந்தது கண்ணில் பட்டது. காலை நெரிசலில் ஆம்புலன்ஸே அந்தத் தூரத்தை அரைமணியில் கடக்காது. அதற்கப்புறம் வெற்று எடைகளை வரிசையாக எழுதிப் பார்த்தார். மாதம் முழுக்க ஒரு கிலோகூட மாறவில்லை. டீசல் நிரம்பியிருக்கும் நாளும் காலியாக இருக்கும் நாளும் ஒரே எடை எப்படி வரும்? வெற்று எடையை மேடையில் போட்டே பார்க்கவில்லை, பழைய எண்ணையே திரும்பத் திரும்ப அடித்திருக்கிறார்கள் என்று தெரிந்துபோனது. இரண்டு பக்கத்துக்குக் குறிப்பு எழுதினார். யாரையும் குற்றம் சாட்டவில்லை, 'திருட்டு' என்ற சொல்லே அதில் இல்லை. சீட்டு எண், நேரம், தூரம், எடை மட்டும்தான். அந்தக் குறிப்பை மறுத்து எழுத எவராலும் முடியவில்லை. பட்டியல் தொகை குறைக்கப்பட்டது.

அவருக்கு இது கைவந்ததற்குக் காரணம், அவர் குப்பைக் கிடங்குக்கே போய் நின்று பார்த்தவர். நீங்களும் போங்கள். கொடுங்கையூரோ பெருங்குடியோ கோவையின் வெள்ளலூரோ, உங்கள் ஊரில் எதுவோ அதற்கு ஒரு முழு நாள் போய் நில்லுங்கள். மழை நாளில் ஈரம் ஏறி எடை கூடும் என்பது அங்கே நின்றால்தான் புரியும். ஆயுதபூஜைக்கு மறுநாள் பூசணிக்காயும் வாழைக்கன்றும் வந்து குவியும். போகியன்று எரிந்ததும் எரியாததுமாக வரும். தீபாவளிப் பட்டாசுக் கழிவைச் சென்னையில் மற்ற குப்பையோடு சேர்க்காமல் தனியாக எடுத்து, அபாயகரக் கழிவைக் கையாளும் கும்மிடிப்பூண்டி நிலையத்துக்கு அனுப்புகிறார்கள். வருஷத்தின் எந்த வாரத்தில் எண் ஏறும், எந்த வாரத்தில் இறங்கும் என்பது மனதில் பதிந்த எழுத்தருக்கு, காரணமில்லாமல் ஏறுகிற எண் தானாகவே உறுத்தும். கட்டட இடிபாட்டை அடியில் போட்டு மேலே குப்பையைப் பரப்பிக் கொண்டுவரும் வண்டியும் எடையில்தான் மாட்டும்.

சட்டத்தையும் படித்து வையுங்கள். திடக்கழிவுக்கென்று நாடு முழுமைக்குமான விதிகள் முதலில் 2000-இல் வந்தன, பிறகு 2016-இல் விரிவாக வந்தன. வீட்டிலேயே மட்கும் குப்பை, மட்காத குப்பை, வீட்டு அபாயகரக் கழிவு என்று மூன்றாகப் பிரித்துத் தர வேண்டும் என்றும், நாளுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்கும் இடங்களுக்குத் தனிப் பொறுப்பு உண்டு என்றும் 2016 விதிகள் சொல்லின. ஒரு கல்யாண மண்டபத்துக்கு நோட்டீஸ் எழுதும்போது எந்த விதியின் எந்தப் பிரிவு என்பது சரியாக இல்லாவிட்டால் அவர்கள் வழக்கறிஞர் அதே காகிதத்தை வைத்து நோட்டீஸை உடைத்துவிடுவார். விதிகள் அவ்வப்போது மாறும். மேஜைக்கடியில் கிடக்கும் பழைய நகலைப் பார்த்து எழுதாமல், நடப்பில் உள்ளதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கோப்பு நடத்தும் முறையைப் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். தன்பதிவேடு, ந.க. எண், நினைவூட்டு எல்லாம் ஒரு மாதத்தில் பழகிவிடும். பயிற்சியில் சொல்லித் தராத ஒன்றை நான் சொல்கிறேன். ஒரு மனுவில் என்னென்ன குறை இருக்கிறதோ அத்தனையையும் ஒரே முறையில் கேட்டுவிடுங்கள். பணியிலிருந்தபோது கணவரை இழந்த ஒரு பெண் குடும்ப ஓய்வூதியத்துக்கு மனு கொடுக்கிறார். முதல் முறை இறப்புச் சான்று இல்லை என்று திருப்புகிறார்கள். கொண்டுவந்ததும் வாரிசுச் சான்று எங்கே என்கிறார்கள். அதையும் கொண்டுவந்த பிறகு வங்கிப் புத்தகத்தில் பெயர் பொருந்தவில்லை என்கிறார்கள். ஒவ்வொரு கேள்வியும் விதிப்படி சரியானதுதான். ஆனால் மூன்றையும் முதல் நாளே ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கலாம். அந்தப் பெண் வீட்டுவேலைக்குப் போகிறவர். ஒவ்வொரு முறை வரும்போதும் ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போகிறது, இரண்டு முறை வந்தால் வேலை கொடுத்த வீட்டுக்காரரும் முகம் சுளிக்கிறார். விதியைக் காட்டிக்கொண்டே ஒருவரை வதைக்க முடியும். அதைச் செய்கிறவர்களில் பலர் கெட்டவர்கள் அல்லர், கோப்பை முழுதாகப் படிக்கச் சோம்பல்படுகிறவர்கள். அந்தச் சோம்பலை நான் மன்னிப்பதே இல்லை.

அலுவலகத்துக்கு வருகிற தூய்மைப் பணியாளர் கதவோரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றபடியே பேசுவார். உள்ளே வரச் சொன்னாலும் தயங்குவார். அந்தத் தயக்கம் அவர் சுபாவம் அல்ல. சாதியைச் சொல்லி இந்த வேலையை இன்னாருக்கு என்று ஒதுக்கி வைத்த ஊர், தலைமுறை தலைமுறையாக அவருக்குப் பழக்கிவிட்ட தயக்கம் அது. அவருக்கு ஒரு நாற்காலி போடுங்கள். உங்கள் அம்மா வயதுக்காரரை 'வா, போ' என்று பேசுகிற மூத்த ஊழியர்களும் அங்கே இருப்பார்கள். அவர்களிடம் எதை வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளுங்கள், இதை மட்டும் கற்றுக்கொள்ளாதீர்கள். 'வாங்கம்மா, உட்காருங்க, என்ன விஷயம்?' என்று கேட்பதற்கு எந்த ஆணையும் தேவையில்லை. நீங்கள் குடிக்கிற டம்ளரிலேயே அவருக்கும் தண்ணீர் கொடுங்கள்.

தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் வரும் மனுக்களைக் கண்டால் நம் ஆட்களுக்கு எரிச்சல். 2005-இல் வந்த அந்தச் சட்டம் 30 நாளுக்குள் பதில் தரச் சொல்கிறது. 29-ஆம் நாள் வரை மனுவை அடியில் வைத்திருந்துவிட்டு, கடைசியில் 'கோரப்படும் தகவல் இவ்வலுவலகத்தில் பராமரிக்கப்படவில்லை' என்று எழுதுகிற பழக்கம் எனக்குப் பிடிக்காது. மனுப் போட்டவர் வாசலில் குப்பை அள்ளாததால்தான் போட்டிருப்பார். கேட்டதை எடுத்துக் கொடுத்தால் நம் பதிவேட்டில் எது எழுதப்படாமல் கிடக்கிறது என்பது நமக்கே தெரியவரும்.

ஒப்பந்ததாரரின் ஆள் தீபாவளிக்கு இனிப்புப் பெட்டியோடு வருவார். வாங்காதீர்கள், அன்பாகவே திருப்பி அனுப்புங்கள். இதில் நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை.

இந்தப் பிரிவு ஊழியர்களை நான் மிகவும் மதித்த நாட்கள் 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது வந்தன. சென்னையில் தெருத்தெருவாக மெத்தையும் துணியும் சேறும் மலைபோல் குவிந்து கிடக்க, மற்ற மாவட்டங்களிலிருந்து தூய்மைப் பணியாளர்கள் அங்கே அனுப்பப்பட்டார்கள். யார் போகிறார்கள், யார் வீட்டில் கைக்குழந்தை, யாருக்குச் சர்க்கரை நோய், எந்தப் பேருந்து, எங்கே தங்குவது, கையுறையும் காலணியும் எத்தனை, தடுப்பூசி போட்டாயிற்றா என்று பட்டியல் போட ஆபீஸில் இரவு முழுக்க விளக்கெரிந்தது. தட்டச்சர் ஒருவர் ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் வீட்டில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு கைபேசி எண்ணைச் சேர்த்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை. சேற்றில் நின்று அள்ளியவர்களின் உழைப்புக்கு முன்னால் எங்கள் இரவு விழிப்பு பெரிதல்ல. ஆனால் அந்தப் பட்டியல் ஒழுங்காக இருந்ததால்தான் போனவர்கள் அத்தனை பேருக்கும் திரும்பி வந்ததும் பயணப்படி தாமதமில்லாமல் கிடைத்தது.

கடைசியாக, நீங்கள் பொறுப்பேற்ற முதல் வாரத்திலேயே செய்ய வேண்டிய ஒரு வேலையைக் கேட்டுக்கொள்கிறேன். கருணை அடிப்படையிலான பணி நியமனத்துக்குப் பணியாளர் இறந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் குடும்பத்தார் மனு கொடுக்க வேண்டும். துக்கத்திலும் கடனிலும் கிடக்கிற குடும்பத்துக்கு இந்தக் கெடு தெரிவதில்லை. தெரிந்து வரும்போது பலருக்குக் காலம் கடந்துபோயிருக்கிறது. பணியில் இருக்கும்போது இறந்த நிரந்தரப் பணியாளர்களின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். இறந்த தேதியை ஒவ்வொன்றாகப் பாருங்கள். இன்னும் மனு வராத வீடு எதுவோ அந்த வீட்டுக்கு வார்டு மேற்பார்வையாளர் மூலம் சொல்லி அனுப்புங்கள், கெடு நெருங்கியவர்களுக்கு முதலில் அனுப்புங்கள்.